அக்கரையில் ஒரு வீடு



வீடு வாங்கும் கலையில் நமக்கு அனுபவம் கிடையாது. ஆயர் இல்லத்திலிருந்து மாற்றல் கடிதம் வந்தால், இரண்டு பெட்டிகளும் சில நூல்களுமாகப் புறப்பட்டுவிடும் வாழ்வு நம்முடையது. ஆயினும், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டும் திருமண ஓலை எழுதவும் நம் அலுவலக அறைக்கு வருவோரோடு, அண்மைக் காலமாகப் புதுவகைக் கேள்வி ஒன்றைச் சுமந்து வருவோரும் சேர்ந்திருக்கின்றனர். "சாமி, பையன் சிங்கப்பூரில் வீடு வாங்கப் போகிறானாம். கொஞ்சம் பணம் வேண்டுமாம். என்ன செய்யலாம்?"

இப்படி வந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாலைத் திருப்பலி முடிந்து, ஆலயத்தில் விளக்கணைக்கும் வேளையில் வந்தார். மகனும் மருமகளும் சிங்கப்பூரில் பொறியாளர்கள். நிரந்தரவாசத் தகுதி பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயதில் ஒரு பேரன். ஊரில் உள்ள மூன்று மா நன்செய்யை விற்றுத் தருமாறு மகன் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்.

"அவனைப் படிக்க வைத்ததே அந்த நிலம்தான், சாமி. இப்போது அதையே கேட்கிறான். கொடுக்க மனமில்லாமல் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டாமா?" என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப் புகுந்ததில் நாம் கற்றுக்கொண்டவற்றையே இம்மடலில் எழுதுகிறோம். பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் நம் பங்குகளில் பலர் அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத் தியானம் கொடுக்க நாம் சிங்கப்பூர் சென்றிருந்தோம். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-இல் எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயம் அங்கே ஓபிர் சாலையில் நிற்கிறது. நம்மைத் தம் இல்லத்தில் தங்க வைத்த குடும்பத்தார் பன்னிரண்டாம் மாடியில் குடியிருந்தனர். கட்டடத்தின் கீழ்த்தளம் சுவரின்றித் திறந்தே கிடந்தது. சனிக்கிழமை அங்கே ஒரு மலாய்த் திருமணம். செவ்வாயன்று அதே இடத்தில் ஒரு சீன முதியவரின் பூதவுடல் கிடத்தப்பட்டிருந்தது. மின்தூக்கியில் ஏறி இறங்கும்போது இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் தலையசைத்துக் கொண்டதைக் கண்டோம். சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கிற் கழிகளில் துணி காய்ந்தது. வீடு சிறியதே, ஆனால் ஓட்டை ஒழுகல் இல்லை, தண்ணீருக்குக் குடம் தூக்கவில்லை. விருந்தளித்த அம்மையார், "இது எங்கள் வீடு, சாமி" என்று சொன்னபோது அக்குரலில் இருந்த பெருமிதம் இன்னும் நம் காதில் இருக்கிறது.

நம்மவர் அங்கே வீடு வாங்க நினைப்பதே புதிய செய்தி. முன்னாளில் தஞ்சைத் தரணியிலிருந்தும் சிவகங்கைச் சீமையிலிருந்தும் கப்பலேறியவர்கள் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் உழைத்தனர். பலர் கூடிய கொட்டகைகளில் படுத்தனர். சேர்த்த காசை ஊருக்கு அனுப்பி இங்கே மாடி வீடு கட்டினர். வீடு என்றால் ஊர். அக்கரை என்றால் வேலை. அவ்வளவே கணக்கு. இன்றைய பிள்ளைகளின் நிலை வேறு. மனைவி அங்கே, குழந்தையின் பள்ளி அங்கே. இவர்கள் கட்டிய வீடுகள்தாம் நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன.

சிங்கப்பூர் சிறிய தீவு. 1961 மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவராக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே நிறுவப்பட்டிருந்தது. தீக்கிரையான இடத்திலேயே அக்கழகம் அடுக்குமாடிகளை எழுப்பியது. 1964-இல் குடிமக்கள் அவ்வீடுகளை விலைக்கு வாங்கும் திட்டம் வந்தது. 1968 முதல், ஊதியத்தில் பிடிக்கப்படும் மத்திய சேம நிதியைக் கொண்டே தவணை கட்டலாம் என்றாயிற்று. இன்று அந்நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் கழகத்தின் வீடுகளில்தாம் வாழ்கின்றனர்.

ஆனால் அத்திட்டம் அந்நாட்டுக் குடிமக்களை மனத்திற் கொண்டு எழுந்தது. அயலார் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதற்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் கழக வீட்டை வாங்கவே முடியாது. தனியார் கட்டிய கூட்டுரிமை வீடு வாங்கலாம். அதற்குக் கூடுதல் முத்திரை வரி உண்டு. 2011 டிசம்பரில் அயல்நாட்டாருக்கு நூற்றுக்குப் பத்தாகத் தொடங்கிய இவ்வரி படிப்படியாக ஏறி, 2023 ஏப்ரல் 27 முதல் நூற்றுக்கு அறுபது ஆகியுள்ளது. 15 லட்சம் வெள்ளிக்கு வீடு வாங்கும் அயலார், வழக்கமான முத்திரை வரி 44,600 வெள்ளியுடன், கூடுதல் வரியாக 9 லட்சம் வெள்ளி செலுத்த வேண்டும். (டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்பர், இன்று ஒரு வெள்ளி நம் அறுபது ரூபாய்க்கு மேல்.) அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற சில நாடுகளின் குடிமக்களுக்கு உடன்படிக்கையின் பேரில் விலக்கு உண்டு. இந்தியருக்கு இல்லை. ஆகவே வேலை அனுமதியில் இருக்கும் பிள்ளை வீடு வாங்கப் போவதாகச் சொன்னால், வாடகை வீட்டிலேயே இருக்கட்டும் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

தலைமையாசிரியரின் மகனைப் போன்ற நிரந்தரவாசிகளின் நிலை இடைப்பட்டது. கழகம் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு விண்ணப்பிக்கக் குடும்பத்தில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகளாயின், இருவருக்கும் அத்தகுதி கிடைத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர், மறுவிற்பனை வீடு வாங்கலாம். மணமாகாத நிரந்தரவாசி தனியாக வாங்க இயலாது.

மகன் பார்த்து வைத்திருந்தது நான்கு அறை வீடு. நான்கு அறை என்றதும் ஆசிரியரின் துணைவியார் பெரிய வீடு என மகிழ்ந்தார். அங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், படுக்கையறை மூன்றுதான் என்று நாம் சொல்ல வேண்டியதாயிற்று. விலை 6 லட்சம் வெள்ளி. குடிமகன் ஒருவரும் இல்லாத குடும்பத்துக்குக் கழகம் கடன் தருவதில்லை. வங்கியைத்தான் நாட வேண்டும். வங்கி அதிக அளவாக நூற்றுக்கு எழுபத்தைந்து தரும். எஞ்சிய ஒன்றரை லட்சத்தில் 30,000 வெள்ளியேனும் ரொக்கமாக இருக்க வேண்டும். மற்றதைச் சேம நிதியிலிருந்து எடுக்கலாம். முத்திரை வரி 12,600 வெள்ளி. நிரந்தரவாசிக்கு முதல் வீட்டின் மேல் கூடுதல் வரி நூற்றுக்கு ஐந்து. அது 30,000 வெள்ளி. கழகத்தின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் எவ்வளவு கேட்கிறாரோ, அது முழுவதும் ரொக்கம். மாதத் தவணை குடும்ப வருமானத்தில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டக் கூடாது. இக்கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, மகன் நன்செய்யைக் கேட்டதன் காரணம் ஆசிரியருக்கு விளங்கிற்று.

நிற்க. விலை பேசி முடித்தாலும் வீடு கிடைத்துவிடாது. ஓர் இனத்தார் ஓரிடத்தில் குவிந்துவிடாமலிருக்க, 1989 மார்ச் முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் இன்ன இனத்தார் இத்தனை வீதமே இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றனர். 2010 முதல், மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு: வட்டாரத்தில் நூற்றுக்கு ஐந்து, கட்டடத்தில் நூற்றுக்கு எட்டு. நம் பிள்ளை இந்தியர் என்ற வாயிலையும் நிரந்தரவாசி என்ற வாயிலையும் ஆக இரு வாயில்களைக் கடந்தாக வேண்டும். சிலருக்கு இது மனக்கசப்பைத் தருகிறது. நாமோ அந்தக் கீழ்த்தளத்து மணவிழாவையும் துக்கத்தையும் எண்ணிப் பார்த்து, இது முற்றிலும் கெட்ட ஏற்பாடு என்று சொல்லத் துணிய மாட்டோம். தெருவுக்கொரு சாதியாகக் குடியிருந்து பழகிய நமக்கு அதைக் குறை கூற என்ன தகுதி?

இனி, ஆசிரியரை எல்லாவற்றிலும் அதிகம் வியக்க வைத்த செய்திக்கு வருவோம். அங்கே 6 லட்சம் வெள்ளி கொடுத்து வாங்குவது மண்ணை அன்று, ஆண்டுகளை. கழக வீடுகள் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. மகன் பார்த்த வீட்டின் குத்தகை 1988-இல் தொடங்கியது, 2087-இல் முடிவடையும். முடிந்தால் வீடு அரசுக்குத் திரும்பும். இது வெறும் ஏட்டுச் சட்டமாக நின்றுவிடும் என்று எண்ணுவோர் கேலாங் வட்டாரத்தின் மூன்றாம் லோரோங்கை நினைக்க வேண்டும். அங்கிருந்த 191 தனியார் வரிசை வீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தவை. 2020 டிசம்பர் 31 அன்று குத்தகை முடிந்தது. இழப்பீடு ஏதுமின்றி நிலம் அரசிடம் போயிற்று.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் பேரனுக்கு?" என்றார். 2087-இல் பேரனுக்கு எழுபது வயது கடந்திருக்கும். அவன் வாழ்ந்து முடிக்கப் போதும். அவன் பிள்ளைக்கு விட்டுச் செல்ல எதுவும் இராது.

இதனால் அவ்வீடு பயனற்றது என்று கொள்ளலாகாது. வாடகையாகப் போகும் பணம் தவணையாகப் போகிறது. குழந்தை பள்ளி மாறாமல் வளர்கிறான். பத்தாண்டு கழித்து விற்றால் நல்ல விலை கிடைத்தோர் பலர். ஆனால் வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்க வேண்டும். எஞ்சிய குத்தகை, வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை நீடிக்காவிட்டால் சேம நிதியிலிருந்து எடுக்கும் தொகையைக் குறைத்து விடுவார்கள்; 2019 மே முதல் இது விதி. பழைய வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வோர் இங்கேதான் இடறுகிறார்கள். விற்கும்போது சேம நிதியிலிருந்து எடுத்ததை வட்டியோடு சேர்த்து அந்நிதிக்கே திருப்ப வேண்டும். கைக்கு வருவது மிச்சம்தான். ஐந்தாண்டு குடியிருந்த பின்னரே விற்கலாம். நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட அனுமதியில்லை. நிறுவனம் வேறு நாட்டுக்கு மாற்றினால் பூட்டி வைப்பது அல்லது விற்பது ஆகிய இரண்டே வழி.

பேரன் நிரந்தரவாசியாகவே வளர்ந்தால் பதினெட்டு வயதில் ஈராண்டு தேசிய சேவைக்கும் போக வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் இது எழுதியிருக்காது. ஆனால் வீடு வாங்குவது அங்கேயே தங்குவதென்ற முடிவில் பாதி ஆகையால், தந்தையும் தாயும் இதை இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

பணம் அனுப்பும் வழியைப் பற்றிச் சில சொற்கள். இந்தியாவில் குடியிருப்பவர் ஒருவர், நிதியாண்டு ஒன்றுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வீடு வாங்கவும் அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு இருபதை வங்கி வரியாகப் பிடித்துக் கொள்ளும். 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து அதை ஈடு செய்துகொள்ளலாம். ஆயினும் அதுவரை அந்தப் பணமும் கையில் வேண்டும். இதற்கு அஞ்சி, 'உண்டியலில்' போட்டால் ஒரே நாளில் போய்ச் சேரும் என்று சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆலய உண்டியலைத் தவிர வேறெந்த உண்டியலிலும் பணம் போடாதீர்கள் என்று ஆசிரியரிடம் சொன்னோம். சிரித்துவிட்டார். அங்குள்ள வீட்டு முகவர்களுக்கும் பதிவு எண் உண்டு. வாங்கும் பணத்தை அவர்கள் கையாளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. என் கையில் கொடுங்கள் என்று கேட்கும் முகவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இவ்வளவும் பேசி முடித்தபின்தான் மெய்யான சிக்கல் வெளிப்பட்டது. நிரந்தரவாசி ஒருவர் கழக வீடு வாங்கும்போது, அவர் பெயரில் வேறு நாட்டில் குடியிருப்பு வீடு இருந்தால், அதைத் தெரிவிக்க வேண்டும். கழகம் விதிக்கும் கால வரையறைப்படி அதை விட்டுவிடவும் வேண்டும். இதை நாம் ஏதோ உபரித் தகவலாகச் சொன்னோம். ஆசிரியரின் முகம் மாறிற்று.

"எங்கள் வீடு அவன் பெயரில்தான் இருக்கிறது, சாமி."

ஐந்தாண்டுகளுக்கு முன், பின்னாளில் தொல்லை வேண்டாமென்று, தாம் குடியிருக்கும் வீட்டை மகனுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். மகனுக்கே அது நினைவில் இல்லை. நிலத்தைப் பற்றிக் கவலையுற்று வந்தவருக்குத் தலைக்கு மேலுள்ள கூரையே கேள்விக்குரியதாயிற்று. பிள்ளைகளின் மேல் உள்ள பாசத்தால் உயிரோடிருக்கும்போதே குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுத்துவிடும் பெற்றோரிடம் நமக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையாவது பத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை" என்பார்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லைதான். ஆனால் இடையூறு மகனிடமிருந்துதான் வர வேண்டுமென்பதில்லையே!

உறவினர் ஒருவர் குறுக்குவழி காட்டினாராம். நம் ஊர் ஓட்டு வீட்டை அக்கரையில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? படிவத்தில் இல்லை என்று எழுதிவிட்டால் போயிற்று! பொய்யுறுதி கொடுத்து வாங்கிய வீட்டைக் கழகம் திரும்ப எடுத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. அந்த அச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஆபிரகாமை நினைவூட்டினோம். அவர் கானானில் அயலாராகத்தான் வாழ்ந்தார். சாராவை அடக்கம் செய்ய மக்பேலா நிலத்தை வாங்கியபோது, எப்ரோன் இலவசமாகத் தருவதாகச் சொல்லியும் ஏற்காமல், ஊர் வாயிலில் அனைவர் முன்னும் நானூறு வெள்ளிக் காசை நிறுத்துக் கொடுத்தார். அயல் மண்ணில் குடியேறுபவர் கையில் இருக்கும் முதற் சொத்து அவருடைய சொல்தான். அதைப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே விற்றுவிட்டு வீடு வாங்குவது எதற்கு?

ஒருவழி உண்டு. மகன் வீட்டைத் தந்தைக்கே திரும்ப எழுதிக் கொடுக்கலாம். ஆனால் படிவத்துக்காக எழுதிப் பெட்டியில் வைத்து, ஆண்டு கழித்து மீண்டும் மகனுக்கே மாற்றிக்கொள்ளும் நாடகமாக அது இருக்கக் கூடாது. திரும்பினால் உண்மையாகத் திரும்ப வேண்டும். அது ஏற்கப்படுமா, எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதை மகன் கழகத்துக்கு எழுதிக் கேட்டபின்னரே எதையும் செய்ய வேண்டும். விடை வரும்வரை முன்பணம் ஒரு வெள்ளியும் கொடுக்கலாகாது. இப்படிச் சொல்லி அனுப்பினோம்.

மறுவாரம் ஆசிரியர் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அம்மையார் நாற்காலியில் அமருமுன்பே சொன்னார்: "பத்திரம் திரும்பி வரட்டும், சாமி. வந்தால் இனி எங்கள் காலத்துக்குப் பிறகுதான் அது யாருக்கென்று பேச்சு. அப்போது மகளுக்கும் அதில் பாதி. மருந்து வாங்கிக் கொடுப்பவளும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவளும் அவள்தானே." ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் செட்டில்மெண்ட் எழுதிய அன்று மகள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டதை அவர் மறந்திருக்க மாட்டார்.

மகனோடும் பேசினார்கள். அவர் முதலில் சற்றுச் சினந்தார். பிறகு நான்கு அறை வீட்டை விட்டுவிட்டு மூன்று அறை வீடு தேடுவதாகச் சொன்னார். அப்படியானால் மூன்று மாவில் ஒரு மா விற்றால் போதும். "நீங்கள் வந்து தங்கினால் கூடத்தில்தான் படுக்க வேண்டும்" என்றாராம் தாயிடம். "இங்கே மட்டும் எங்கே படுக்கிறேன்?" என்று அம்மையார் கேட்டிருக்கிறார்.

கழகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் விடை வரவில்லை. இடையில் ஈசூன் பகுதியில் மூன்று அறை வீடு ஒன்று மனத்துக்குப் பிடித்தமாக அமைந்தது. பார்த்தால் அந்தக் கட்டடத்தில் நிரந்தரவாசிகளின் வரம்பு நிறைந்துவிட்டதாம். அக்கணக்கை ஒவ்வொரு திங்களும் முதல் நாளன்று புதுப்பிப்பார்கள். அடுத்த முதல் நாளை எதிர்பார்த்து அங்கே அவர்கள் காத்திருக்க, இங்கே ஆசிரியர் திருவிழாவுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசிக்கொண்டிருக்கிறார்.